எனக்கு ஈசிஜியில் எல்விஎச், அப்பாவுக்கு நார்மல். எக்கோவில் அப்படியே தலைகீழ். எதை நம்புறது?

#1 கரூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. இத்தனை நாளும் வாசகன்தான், இதுதான் முதல் பதிவு.

கம்பெனியில வருஷாந்திர செக்கப் நடந்துச்சு. ஈசிஜி தாளோட மேல் மூலையில மெஷினே "வோல்டேஜ் கிரைட்டீரியா ஃபார் எல்விஎச்"னு அடிச்சுக் குடுத்திருச்சு. எனக்கு வயசு 29, உயரம் 176 செ.மீ., எடை 58 கிலோ. பிபி 118/76. நெட்ல தேடினா "இடது கீழறைத் தசை தடிப்பு"ன்னு வருது. பயந்து போய் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தேன். சுவர் 9 மி.மீ., எல்லாம் நார்மல்னுட்டாங்க.

அதே சமயம் அப்பாவுக்கும் எடுத்தோம். அவருக்கு 61, எடை 91 கிலோ, பல வருஷமா பிபி மாத்திரை. அவரு ஈசிஜியில மெஷின் "நார்மல்"ங்குது. எக்கோவில செப்டம் (கீழறைகளுக்கு நடுவுல இருக்கிற சுவர்) 13 மி.மீ., "மைல்டு கான்சென்ட்ரிக் எல்விஎச்".

இல்லாதவனுக்கு இருக்குங்குது, இருக்கிறவருக்கு இல்லைங்குது. அப்புறம் எதுக்குங்க இந்த ஈசிஜி?

#2 பொறியாளன்77

நீங்களே பதில் சொல்லிட்டீங்க. 1949-ல எழுதின ஃபார்முலாவை இன்னும் மெஷின்ல போட்டு வச்சிருக்காங்க. எக்கோ மில்லிமீட்டர்ல தடிமனைக் காட்டும்போது, நெஞ்சுல பல்பு (மின்முனை) ஒட்டி வோல்டேஜை வச்சு ஊகிக்கிறது ஏன்? தசைத் தடிப்புக்கு ஈசிஜியை மூட்டை கட்டி வைக்கலாம்னுதான் சொல்லுவேன்.

#3 மட்டுறுத்துநர்

கரூர்க்காரன், நீங்கள் பதிவேற்றிய படத்தில் பெயரும் மருத்துவமனை எண்ணும் தெரிந்தன. படத்தை நீக்கியிருக்கிறேன். அளவுகளை மட்டும் தட்டச்சு செய்து போடுங்கள். இங்கே வரும் பதில்கள் சிகிச்சை ஆலோசனை ஆகாது என்பது வழக்கமான நினைவூட்டல்.

#4 வைகைக்கரை (பொது மருத்துவர்)

கரூர்க்காரன், உங்கள் எக்கோ நன்றாக இருக்கிறது. இன்று இரவாவது நிம்மதியாகத் தூங்குங்கள். கவனிக்க வேண்டியவர் அப்பாதான்.

ஈசிஜி தசையின் தடிமனை அளப்பதே இல்லை. தசையில் கிளம்பும் மின்சாரத்தில் தோல் வரைக்கும் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரின் சத்தத்தை வைத்து அதன் அளவைச் சொல்லச் சொன்னால் எப்படி? ஒட்டி நிற்பவனுக்குச் சின்ன ஸ்பீக்கரே காதைக் கிழிக்கும், மூன்று சுவர் தள்ளி இருப்பவனுக்குப் பெரிய ஸ்பீக்கரும் முனகலாகத்தான் கேட்கும். உங்களுக்கு 58 கிலோ, நெஞ்சுச் சுவர் மெல்லியது, மின்முனை இதயத்தை ஒட்டியே இருக்கிறது. அப்பாவுக்கு நடுவில் கொழுப்பு. புகைபிடித்து நுரையீரல் உப்பியவர்களுக்கு நடுவில் காற்று. இதய உறையில் நீர் கோத்திருந்தாலும் அலை சுருங்கிவிடும்.

மெஷின் எதைப் பார்த்து எல்விஎச் என்றது? இடது கீழறை தடித்தால் மின்விசை இடப்பக்கமும் பின்பக்கமுமாக இழுக்கும். வலப்பக்கம் இருக்கும் வி1 மின்முனைக்கு அது விலகிப் போகிற விசை, அதனால் கீழ்நோக்கி இறங்கும் எஸ் அலை ஆழமாகும். இடப்பக்கம் இருக்கும் வி5, வி6-க்கு எதிரே வருகிற விசை, அதனால் மேல்நோக்கி ஏறும் ஆர் அலை உயரும். வி1-ன் எஸ்ஸையும், வி5, வி6 இரண்டில் பெரியதாக இருக்கும் ஆர்-ஐயும் கூட்டி 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் வந்தால் எல்விஎச். பொறியாளன் சொன்ன 1949 கணக்கு இதுதான். சோகோலோவ், லையன் என்ற இருவர் வகுத்தது. தாளில் 10 மி.மீ. என்பது 1 மில்லிவோல்ட்.

இளைஞர்களுக்கு, அதிலும் ஒல்லியான ஆண்களுக்கு, இந்தக் கூட்டுத்தொகை சர்வசாதாரணமாக 35-ஐத் தாண்டும். 35, 40 வயதுக்குள் இருப்பவர்களிடம் வோல்டேஜ் ஒன்றை மட்டும் வைத்து எல்விஎச் என்று நாங்கள் முடிவு கட்டுவதில்லை. மெஷின் கட்டும்.

உங்கள் இருவருடைய வி1, வி3, வி4, வி5, ஏவிஎல் (இடது கைப் பக்கப் பதிவு) அளவுகளையும், கியூஆர்எஸ் (கீழறைகளில் மின்சாரம் பரவும்போது வரும் அலைத் தொகுப்பு) அகலத்தையும் போடுங்கள், பார்க்கலாம்.

#5 கிராஃப்தாள் (ஈசிஜி டெக்னீஷியன்)

தம்பி, அளவு எடுக்கறதுக்கு முன்னாடி தாளோட ஆரம்பத்துல செவ்வகமா ஒரு மேடு இருக்கும் பாருங்க, அது எத்தனை கட்டம் உயரம்? 10 சின்னக் கட்டம் இருந்தா முழு அளவு. 5 கட்டம்தான்னா அரை அளவுல எடுத்திருக்காங்கன்னு அர்த்தம், வர்ற அளவை ரெண்டால பெருக்கணும். அலை ரொம்பப் பெருசா வந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறுச்சுன்னா நாங்களே அரை அளவுக்கு மாத்துவோம். சில மெஷின்ல கை கால் லீடு (அங்க இருந்து எடுக்கிற பதிவு) முழு அளவு, நெஞ்சு லீடு மட்டும் அரை அளவு. கீழ பொடி எழுத்துல போட்டிருக்கும், யாரும் படிக்கிறதில்ல.

அப்புறம் பல்பு எங்க வச்சாங்கங்கறது. வி1, வி2 நாலாவது விலா இடுக்குல, நெஞ்செலும்புக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. வி4 அஞ்சாவது இடுக்குல, காரை எலும்போட நடுவுக்கு நேர் கீழ. வி3 ரெண்டுக்கும் நடுவுல. வி5, வி6 வி4-க்கு நேர் மட்டத்துல படுக்கை வாட்டமா போகணும். நிறையப் பேரு விலா எலும்பு வளைஞ்சு ஏறுதேன்னு அதுங்கூடவே மேல ஏத்திருவாங்க. வி1, வி2-வை ஒரு இடுக்கு மேல வைக்கிறது இன்னும் சகஜம். கூட்டமான நாள்ல வரிசையில நூறு பேரு நிக்கும்போது விலா எலும்பை எண்ணிப் பார்த்து வைக்கிற ஆளு குறைவு. இடம் மாறுனா எஸ் அலையும் ஆர் அலையும் மாறும். அப்புறம் எந்த ஃபார்முலா போட்டு என்ன?

பெண்களுக்கு மார்பகத்துக்கு மேலயே வச்சு எடுத்துர்றதும் நடக்குது. மார்பகத்துக்குக் கீழ வச்சாதான் வி4 முதல் வி6 வரைக்கும் ஒழுங்கா வரும். சொல்லிக்குடுக்க ஆள் இல்ல, கேக்க நோயாளிக்கும் கூச்சம்.

#6 கரூர்க்காரன்

அண்ணே, மேடு 10 கட்டம் இருக்குங்க. கீழயும் 10 மி.மீ., 25 மி.மீ.னு போட்டிருக்கு.

நான்: வி1 எஸ் 16, வி5 ஆர் 23, ஏவிஎல் ஆர் 3, வி3 எஸ் 12.

அப்பா: வி1 எஸ் 9, வி5 ஆர் 14, ஏவிஎல் ஆர் 8, வி3 எஸ் 16, வி4 எஸ் 13, கியூஆர்எஸ் 104 மில்லிசெகண்ட். ரெண்டு பேருக்கும் கியூஆர்எஸ்ஸுக்கு அப்புறம் வர்ற எஸ்டி, டி அலை நார்மல்னு எக்கோ எடுத்த டாக்டர் சொன்னாருங்க.

#7 வைகைக்கரை

நன்றி. உங்களுக்கு 16 + 23 = 39. சோகோலோவ் கணக்கில் தாண்டிவிட்டது. அப்பாவுக்கு 9 + 14 = 23. அந்தக் கணக்குக்கு அவர் பக்கத்தில்கூட வரவில்லை.

இனி கார்னெல் கணக்கு, 1985-ல் நியூயார்க்கில் எக்கோவோடு ஒப்பிட்டு உருவாக்கியது. ஏவிஎல்லின் ஆர், வி3-ன் எஸ் இரண்டையும் கூட்ட வேண்டும். ஆணுக்கு 28-க்கு மேல், பெண்ணுக்கு 20-க்கு மேல் போனால் எல்விஎச். உங்களுக்கு 15, வெகு தூரம். அப்பாவுக்கு 24, இன்னும் தாண்டவில்லை. ஆனால் தசை தடித்தால் மின்சாரம் உள்ளிருந்து வெளியே வர நேரமும் கூடுதலாகப் பிடிக்கும், கியூஆர்எஸ் அகலும். அதையும் சேர்க்க 24-ஐ 104-ஆல் பெருக்குங்கள்: 2496. கார்னெல் பெருக்கலின் எல்லை 2440. அப்பா தாண்டிவிட்டார்.

2017-ல் வந்த பெகேரோ–லோ பிரெஸ்டி கணக்கும் உண்டு. பன்னிரண்டு லீடுகளில் எதில் எஸ் மிக ஆழமோ அதையும் வி4-ன் எஸ்ஸையும் கூட்ட வேண்டும். ஆணுக்கு 28, பெண்ணுக்கு 23. நீங்கள் கொடுத்தவற்றில் ஆழமானது வி3-ன் 16. அதோடு 13 சேர்த்தால் 29.

ஆக, அப்பாவின் தாளிலேயே சேதி இருந்திருக்கிறது. மெஷினுக்கு எந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்களோ அதைத்தான் அது போட்டுப் பார்க்கும்.

#8 பொறியாளன்77

மேடம், மரியாதையோட ஒரு கேள்வி. ஒரு ஃபார்முலா இல்லைன்னா அடுத்தது, அதுவும் இல்லைன்னா அதுக்கடுத்ததுன்னு போட்டுக்கிட்டே போனா எல்லாருமே ஏதாவது ஒண்ணுல மாட்டுவாங்களே? எக்கோ ரிசல்ட் தெரிஞ்ச பிறகு, அதுக்குப் பொருந்துற ஃபார்முலாவைத் தேடிப் பிடிச்ச மாதிரி இருக்கு.

#9 வைகைக்கரை

நியாயமான கேள்வி. நான் செய்தது பின்னோக்கிப் பார்ப்பதுதான், அதில் சந்தேகமில்லை. "ஏதாவது ஒன்று தாண்டினால் போதும்" என்று வைத்தால் தப்பித்துப் போகிறவர்கள் குறைவார்கள், வீணாக மாட்டுகிறவர்கள் கூடுவார்கள். இதற்கு மந்திரம் கிடையாது.

எண்களோடு பார்த்தால் தெளிவாகும். தடிப்பு உள்ள நூறு பேரில் ஈசிஜி வோல்டேஜ் கணக்கு பிடிப்பது பெரும்பாலும் 20 முதல் 50 பேரை. தடிப்பு இல்லாத நூறு பேரில் சுமார் 90 பேரைச் சரியாக விட்டுவிடும். 30, 90 என்றே வைத்துக்கொள்வோம். கரூர்க்காரனைப் போன்ற ஆயிரம் இளைஞர்களில் பத்துப் பேருக்கு உண்மையில் தடிப்பு இருப்பதாக ஒரு பேச்சுக்குக் கொள்வோம். ஈசிஜி பிடிப்பது அதில் 3 பேரை. கூடவே தடிப்பே இல்லாத 99 பேருக்கும் "எல்விஎச்" என்று அடிக்கும். மாட்டிய 102 பேரில் 99 பேர் தூக்கம் தொலைத்ததுதான் மிச்சம்.

இப்போது பல வருடம் பிபி உள்ள ஆயிரம் பேர், அவர்களில் 400 பேருக்குத் தடிப்பு என்று வையுங்கள். ஈசிஜி 120 பேரைச் சரியாகப் பிடிக்கும், 60 பேரைத் தவறாக. மூன்றுக்கு இரண்டு சரி. ஆனால் 280 பேர் நழுவிப்போவார்கள். பிபிக்காரர் ஒருவரின் தாளில் எல்விஎச் என்று வந்தால் நான் பெரும்பாலும் நம்புவேன். வரவில்லை என்றால் "இல்லை" என்று சொல்ல மாட்டேன். பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரையும் தடிப்பு இல்லை என்று சொல்ல ஈசிஜியைப் பயன்படுத்த முடியாது என்றே முடித்தது.

#10 பொறியாளன்77

அதாவது நான் சொன்னதுதான். எல்லாருக்கும் எக்கோ எடுங்க, சோலி முடிஞ்சுது.

#11 வல்வையான் (லண்டன்)

நான் இஞ்ச எக்கோ டிப்பார்ட்மென்டில வேலை செய்யிறன். பொறியாளன் அண்ணை எக்கோவைக் கடவுளாக்கிப் போட்டார், அதுதான் எழுத வந்தனான்.

எக்கோவில நாங்கள் சும்மா சுவரின்ர தடிப்பை மட்டும் பாக்கிறதில்லை, தசையின்ர எடையையும் கணக்குப் போடுறம். செப்டம், பின்சுவர், நடுவில இருக்கிற அறையின்ர விட்டம், மூண்டையும் கூட்டி அதை மும்மடியாக்கி, அறை விட்டத்தின்ர மும்மடியைக் கழிச்சு, மிச்சத்தை 0.8-ஆலயும் 1.04-ஆலயும் பெருக்கி, 0.6 கூட்ட வேணும். அறை 4.8 செ.மீ., சுவர் ரெண்டும் 10 மி.மீ. எண்டால் 170 கிராம் வரும். அதே ஆளுக்கு நான் கேர்சரை ஒரு மில்லிமீட்டர் தள்ளி வச்சு ரெண்டு சுவரையும் 11 எண்டு அளந்தால் 194 கிராம். உடற்பரப்பு 1.7 எண்டால் முதலாவது சதுர மீற்றருக்கு 100, மற்றது 114. ஆம்பிளையளுக்கு எல்லை 115. ஒரு மில்லிமீட்டரில ஆள் எல்லைக்குக் கிட்டப் போயிட்டார், விளங்குதோ? மும்மடியாக்கினால் பிழையும் சேர்ந்துதான் பெருக்கும். கொஞ்சம் பருமனான ஆக்களுக்குப் படமும் தெளிவாய் வராது. எம்ஆர்ஐ தான் சரியான அளவு, ஆனா அதுக்கு இஞ்சையே காத்திருக்க வேணும்.

#12 பொறியாளன்77

சரி, ரெண்டிலயும் பிழை இருக்கு. ஒத்துக்கறேன். ஆனா பிழை குறைஞ்சது எதுவோ அதைத்தானே வச்சுக்கணும்?

#13 வல்வையான் (லண்டன்)

ஓம், ரெண்டும் ஒரே பொருளை அளக்குது எண்டால் அப்படித்தான் செய்ய வேணும். ஆனா அப்படி இல்லையே அண்ணை.

அமிலாய்டோசிஸ் எண்டு ஒரு வருத்தம் இருக்கு. ஒரு புரதம் தசைக் கலங்களுக்கு இடையில போய்ப் படியும். எக்கோவில சுவர் 16, 17 மி.மீ. எண்டு தடிப்பாத் தெரியும். பாக்கிறவை "பிபியால வந்த எல்விஎச்" எண்டு எழுதிப்போட்டு விட்டிடுவினம். ஆனா தடிச்சது தசை இல்லை, புரதம். புரதத்தில மின்சாரம் வராது. அதால ஈசிஜியில அலை உயருறதுக்குப் பதிலாச் சுருங்கிப் போகலாம். கை கால் லீட் எல்லாத்திலயும் 5 மி.மீ. கூட வராத ஆக்கள் இருக்கினம். சுவர் தடிப்பு, வோல்டேஜ் குறைவு. இந்த ரெண்டும் ஒண்டுக்கொண்டு ஒத்துவராமல் நிக்கேக்கதான் எங்களுக்குச் சந்தேகமே வாறது. எல்லா அமிலாய்ட் ஆக்களுக்கும் வோல்டேஜ் குறையும் எண்டில்லை, ஆனா குறைஞ்சால் விடக் கூடாது. லண்டனில ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில இதுக்கெண்டே தேசிய நிலையம் இருக்கு. அங்க அனுப்புற ஆக்களில ஆபிரிக்க, கரீபிய வழி வந்த வயசாளிகள் கனபேர், அவையளுக்கு அந்தப் புரதத்தின்ர மரபணு மாற்றம் பரவலா இருக்கு. முதலிலயே ரெண்டு கையிலயும் மணிக்கட்டு நரம்பு நெரிபட்டு ஒப்பரேஷன் செய்திருப்பினம், அதுவும் இதே வருத்தத்தால வரக்கூடியது.

ஈசிஜியைத் தூக்கி எறிஞ்சிட்டு எக்கோவை மட்டும் பாத்தால் இந்த ஆளை நீங்கள் பிபிக்காரன் எண்டு வீட்ட அனுப்பியிருப்பியள்.

#14 கிராஃப்தாள்

அருமை தம்பி. இது எனக்குப் புதுசு. இனிமே அலை சின்னதா வந்தா "மெஷின் சரியில்ல"ன்னு மறுபடி ஓட்டறதோட விட மாட்டேன்.

#15 வைகைக்கரை

வல்வையான் சொன்னதற்கு எதிர்த்திசையில் ஒன்று. ஈசிஜி கத்துகிறது, எக்கோ "நார்மல்" என்கிறது. கரூர்க்காரனுக்கு நடந்தது போலத்தான், ஆனால் இங்கே ஈசிஜி சொல்வது சரி.

1970-களில் ஜப்பானில் சில நோயாளிகளின் நெஞ்சு லீடுகளில் டி அலை 10 மி.மீ.க்கும் மேல் கீழ்நோக்கித் தொங்குவதைப் பார்த்தார்கள். 1979-ல் யமகுச்சி குழுவினர் அதை விவரித்தார்கள்: தசை தடித்திருப்பது இதயத்தின் நுனியில் மட்டும். சாயம் செலுத்தி எடுத்த படத்தில் இடது கீழறையின் உள்வடிவம் சீட்டுக்கட்டு இஸ்பேட் போலவே இருந்தது. எக்கோவில் நுனி எளிதில் ஏமாற்றும். கருவியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே நுனி படத்திலிருந்து நழுவிவிடும். செப்டம் 9, பின்சுவர் 9, நார்மல் என்று ரிப்போர்ட் வரும். டி அலையைப் பார்த்து மாரடைப்பு என்று ஆஞ்சியோவுக்கு ஓடுவார்கள், ரத்தக்குழாய் சுத்தமாக இருக்கும். பிறகு யாராவது எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியவரும்.

அதனால் கரூர்க்காரனுக்கு நான் கேட்க நினைத்த முதல் கேள்வி எஸ்டியும் டியும் எப்படி என்பதுதான், அவரே சொல்லிவிட்டார். அலை உயரம் மட்டும் கூடியிருப்பது ஒரு கதை. வி5, வி6, ஏவிஎல்லில் எஸ்டி இறங்கி டி அலை தலைகீழாகத் திரும்பியிருப்பது முற்றிலும் வேறு கதை. பின்னதை "ஸ்ட்ரெயின்" என்போம். 1968-ல் ரோம்ஹில்ட், எஸ்டெஸ் இருவரும் போட்ட புள்ளி முறையில் உயரத்துக்கு 3 புள்ளி, ஸ்ட்ரெயினுக்கும் அதே 3, இடது மேலறை பெரிதானதற்கு 3, அச்சு இடப்பக்கம் சாய்ந்தால் 2, கியூஆர்எஸ் சற்று அகன்றால் 1, இப்படிப் போகும். 5 வந்தால் உறுதி. உயரம் மட்டும் இருப்பவர் 3 புள்ளியிலேயே நின்றுவிடுவார். பழைய முறைதான், ஆனால் நோக்கம் சரி.

#16 பொறியாளன்77

இது எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரே சென்சார் ரெண்டு இல்ல, வேற வேற சென்சார் ரெண்டு. வித்தியாசமே ஒரு சிக்னல். ஆனா இதெல்லாம் அபூர்வ நோய். சாதா பிபிக்காரருக்கு, எக்கோ இருக்கும்போது, ஈசிஜி எல்விஎச்சால என்ன லாபம்?

#17 வைகைக்கரை

லாபம் பின்தொடர்வதில். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948-ல் தொடங்கிய ஆய்வு, ஈசிஜியில் எல்விஎச் வந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு எல்லாமே கூடுதல் என்று காட்டியது. ஸ்ட்ரெயினும் சேர்ந்தால் இன்னும் மோசம். எக்கோவில் தெரியும் எடையைக் கணக்கில் எடுத்த பிறகும் ஈசிஜி மாற்றம் தனியாக ஆபத்தைச் சுட்டுகிறது என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. காரணம் வல்வையான் சொன்னதுதான்: ஈசிஜி பார்ப்பது தசையின் அளவை மட்டுமல்ல, அதற்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பதையும். நார்த்திசு படர்ந்த தசையில் ஓட்டம் மாறிவிடும்.

2002-ல் வெளியான லைஃப் ஆய்வில் 9,193 பேர், எல்லோரும் பிபி உள்ளவர்கள், 55 முதல் 80 வயது. ஆய்வில் சேர ஈசிஜியில் எல்விஎச் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. கார்னெல் பெருக்கல் 2440-க்கு மேல் அல்லது சோகோலோவ் 38-க்கு மேல். பாதிப்பேருக்கு லோசார்டன், பாதிப்பேருக்கு அட்டெனோலால். பிபி இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கியது. ஆனால் பக்கவாதம் லோசார்டன் பக்கம் 25 சதவீதம் குறைவு, ஈசிஜியில் எல்விஎச் அடங்கியதும் அந்தப் பக்கம்தான் அதிகம். சிகிச்சையில் இருக்கும்போது ஈசிஜி எண் இறங்கியவர்களுக்கு ஆபத்தும் குறைந்தது என்று 2004-ல் அதே ஆய்விலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது.

சில நிமிடம், மிகக் குறைந்த செலவு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்கலாம். பிபி மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் எக்கோ எடுக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. கரூர்க்காரன், அப்பாவின் இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருடத் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வெப்பத்தாள் நாளாக நாளாக வெளுத்துவிடும், இன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

#18 கரூர்க்காரன்

நகல் எடுத்துட்டேனுங்க. அப்பா மாத்திரையை ஒருநாள் போட்டு ஒருநாள் விடறவரு, "தலை சுத்தல, அப்புறம் எதுக்கு?"ம்பாரு. 2496-ங்கிற நம்பரைக் காட்டினதும் கொஞ்சம் அடங்கியிருக்காரு. மும்மடிக் கணக்கெல்லாம் அவருகிட்ட சொல்லலைங்க.

#19 களத்துமேடு (கபடிப் பயிற்சியாளர்)

இழைக்குச் சம்பந்தம் உண்டான்னு தெரியல, இருந்தாலும் கேக்கறேன். எங்க டீம்ல 17, 18 வயசுப் பசங்க. போட்டிக்கு முன்னாடி ஈசிஜி கேக்கறாங்க. எடுத்தா பாதிப் பேருக்கு "எல்விஎச்"னு வருது. பெத்தவங்க பயந்து பையனை நிறுத்திர்றாங்க. மைதானத்துல சுருண்டு விழுந்த சேதியெல்லாம் படிக்கிறோம், அலட்சியமாவும் இருக்க முடியல. என்ன பண்றது?

#20 வைகைக்கரை

சம்பந்தம் நிறைய உண்டு. விளையாட்டு வீரர்களின் ஈசிஜியைப் படிப்பதற்கு 2017-ல் சர்வதேச நெறிமுறை ஒன்று வந்தது. அதன்படி, அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாதவருக்கு வேறு மாற்றம் எதுவும் இல்லாமல் வோல்டேஜ் மட்டும் கூடியிருந்தால், அது பயிற்சியால் வந்த இயல்பான மாற்றம். மேற்கொண்டு சோதனை வேண்டாம். உங்கள் பையன்களில் பெரும்பாலோர் இதில்தான் வருவார்கள்.

நாம் அஞ்சுவது ஹைப்பர்டிராஃபிக் கார்டியோமயோபதி. பிபி இல்லாமல், மரபணுவால் தசை தடிப்பது. சுமார் 500 பேரில் ஒருவருக்கு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குக் கடத்தப்படும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இதில் பத்தில் ஒன்பது பேருக்காவது ஈசிஜியில் ஏதோ ஒரு கோளாறு தெரியும், ஆனால் அது வெறும் உயரமாக மட்டும் இருப்பது அரிது. வி5, வி6-ல் டி அலை தலைகீழ், எஸ்டி இறக்கம், எதிர்பாராத லீடுகளில் ஆழமான கியூ அலை, இப்படி இருக்கும். இவை இருந்தால் பையன் விளையாடக் கூடாது, இதய மருத்துவர் பார்க்கும்வரை. எக்கோவில் சுவர் 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த நோய் என்போம், குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இருந்தால் 13-லேயே.

தாளுக்கும் முன்னால் பையனிடம் கேளுங்கள். ஓடும்போது மயங்கி விழுந்திருக்கிறானா? விளையாட்டில் நெஞ்சு வலி? வீட்டில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்கள்? "மாமா கிணற்றில் மூழ்கிவிட்டார்" என்பார்கள். மாமாவுக்கு நீச்சல் நன்றாகத் தெரிந்திருந்தால் அந்தச் சாவை நான் இரண்டாவது முறை விசாரிப்பேன்.

#21 பொறியாளன்77

எல்லா வீரருக்கும் ஈசிஜி கட்டாயம்னு எந்த நாட்டுலயாவது சட்டம் இருக்கா? பலன் இருந்துச்சா?

#22 வைகைக்கரை

இத்தாலியில் 1982 முதல் கட்டாயம். வெனெட்டோ பகுதியில் 1979 முதல் 2004 வரை பார்த்தார்கள். இளம் வீரர்களின் திடீர் மரணம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6-லிருந்து 0.4-ஆக இறங்கியது. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் இஸ்ரேலிலும் 1997-ல் சட்டம் கொண்டுவந்தார்கள், 2011-ல் வந்த ஆய்வு அங்கே மாற்றம் எதையும் காணவில்லை. அமெரிக்க இதயச் சங்கம் கேள்விகளும் உடல் பரிசோதனையும் போதும், எல்லோருக்கும் ஈசிஜியைக் கட்டாயமாக்க வேண்டாம் என்கிறது. என் கருத்து: தாளைப் படிக்கத் தெரிந்தவர் இருந்தால் எடுங்கள். மூலையில் அச்சாகிற வரியை மட்டும் பார்த்துப் பையனை நிறுத்துவதாக இருந்தால் எடுக்காமலே இருப்பது மேல்.

#23 வல்வையான் (லண்டன்)

தெற்காசிய ஆக்களுக்கு ஒரு மரபணு விசயம் இருக்கெண்டு கேள்விப்பட்டனான், அதையும் சொல்லுங்கோ டொக்டர்.

#24 வைகைக்கரை

எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போகும் மாற்றம் அது. 2009-ல் நேச்சர் ஜெனெட்டிக்ஸ் இதழில் வந்த ஆய்வு, தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இது இருப்பதாகவும் இதயத் தசை நோயோடு தொடர்புடையது என்றும் சொன்னது. பெருந்துறை தண்டபாணி முதன்மை ஆசிரியர், ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் தங்கராஜும் அதில் உண்டு. ஆனால் இதைச் சுமக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. செய்தித்தாள்கள் அப்போது போட்ட தலைப்புகளைப் பார்த்து இப்போது யாரும் பயப்பட வேண்டாம்.

#25 பொறியாளன்77

கடைசியா ஏஐ. 2020-ல மேயோ கிளினிக் காரங்க ஈசிஜியை மட்டும் பார்த்தே ஹைப்பர்டிராஃபிக் கார்டியோமயோபதியைப் பிடிக்கிற நியூரல் நெட்வொர்க் வெளியிட்டாங்க. 2023-ல அமெரிக்க எஃப்டிஏ (மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தர்ற அமைப்பு) இந்த மாதிரி ஒரு மென்பொருளுக்கு அனுமதியும் குடுத்துருச்சு. கூட்டல் கழித்தலுக்குப் பதிலா முழு அலையோட வடிவத்தையும் பார்க்குது. முதல் பதிவுல ஈசிஜியை மூட்டை கட்டுங்கன்னு சொன்னவன் நான், இப்ப ஃபார்முலாவைத்தான் மூட்டை கட்டணும்னு தோணுது.

#26 கிராஃப்தாள்

பல்பை ஒரு இடுக்கு மேல வச்சு எடுத்தா ஏஐ-க்கும் அதே அலைதான் போகும் சார்.

#27 பொறியாளன்77

நியாயம். சரி, இப்போதைக்கு ஒரு எக்செல் ஷீட் போட்டிருக்கேன். அளவுகளைக் குடுத்தா சோகோலோவ், கார்னெல், கார்னெல் பெருக்கல், பெகேரோ நாலும் வரும். ஆண், பெண்ணுக்குத் தனி எல்லை. பெண்களுக்குப் பெருக்கறதுக்கு முன்னாடி 6 மி.மீ. கூட்டிக்கும். 35 வயசுக்குக் கீழன்னா சோகோலோவ் பக்கத்துல "இதை மட்டும் நம்பாதே"ன்னு சிவப்புல வரும். சுட்டி என் கையெழுத்துல இருக்கு.

#28 களத்துமேடு

இறக்கிட்டேன் சார். பதினோரு பையன்களோட அளவும் போட்டுப் பார்த்தேன், ஆறு பேருக்குச் சிவப்பு. டி அலையைப் பத்தி ஷீட் ஒண்ணும் கேக்கலியே?

#29 வைகைக்கரை

பொறியாளன், முதல் கேள்வியாக அதை வையுங்கள். டி அலை தலைகீழ் என்று போட்டால் ஷீட் கணக்கே போடக் கூடாது, "மருத்துவரிடம் காட்டு" என்று நின்றுவிட வேண்டும்.

#30 கிராஃப்தாள்

அரை அளவுக்கும் ஒரு கட்டம் போடுங்க சார். மேடு 5-ஆ 10-ஆன்னு கேட்டுட்டு அப்புறம் கூட்டச் சொல்லுங்க.

#31 பொறியாளன்77

ரெண்டும் சேர்த்தாச்சு. பழைய ஷீட்டை இறக்கினவங்க அதை அழிச்சுட்டு இதை எடுத்துக்கோங்க.